சாட்சி நேரத்தில் ஒரு வயர்

சபையின் ஒலி மிக்சரை மூடியிருந்த நீலத் துணியை நதியா விலக்கினாள். அவ்வளவுதான். பெண்கள் பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்த பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் அப்படியே காற்றில் நின்றன.

“ஏம்மா நதியா! யாரைக் கேட்டு அதைத் தொட்டே?”

ஆண்கள் பக்கத்திலிருந்து தமிழ்செல்வன் எழுந்து வந்தார். அவர் சபையின் செயலாளர். மைக், ஒலிபெருக்கி, மிக்சர் எல்லாம் அவர் பொறுப்பு. பொறுப்பு என்பதைவிட உயிர் என்றே சொல்லலாம். அந்த மிக்சர் அவர் சபைக்குக் காணிக்கையாகக் கொடுத்தது. வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்பது எங்கும் எழுதி வைக்காத சட்டம். பெண்கள் தொடக்கூடாது என்பது அதைவிடக் கெட்டியான சட்டம்.

“போதகரய்யாவக் கேட்டுட்டேனுங்கண்ணா. பாட்டு ஒண்ணு பதிவு பண்ணோணும். ஒரே ஒரு வயர்தானுங்க.”

“ஐயாவுக்குப் பிரசங்கம் தெரியும். மிக்சர் தெரியுமா? ரெண்டு கிறிஸ்துமசுக்கு முன்னால ஒருத்தன் இப்பிடித்தான் ‘ஒரே ஒரு வயருங்கண்ணா’ன்னு வந்தான். ஆம்ப்ளிபயர் பொகையாப் போச்சு. போயி ஒக்காரு.”

“அவன் பேரும் நதியாங்களா?”

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தமிழ்செல்வனின் காது மடல் சிவந்தது. போதகர் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் அதற்கு மேல் மறுக்க முடியவில்லை.

“பின்னால ஒரு ஓட்டை சும்மா இருக்குது. அதுல வேணா சொருகிக்கோ. முன்னால ஒரு திருகுல உன்ற கை பட்டுதுன்னு வெய்யி, அடுத்த வாரம் நீ வாசல்ல நின்னுதான் ஜெபம் பண்ணோணும்.”

“நின்னும் பண்ணுவேனுங்க” என்றாள் நதியா.

பையிலிருந்து ஒரு சின்ன ரெக்கார்டரை எடுத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் கருப்புப் பெட்டி. அதற்கும் மிக்சருக்கும் நடுவே ஒரு கை நீள வயர். அந்த வயர் அவளை எத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைக்கப்போகிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

நதியா பிறந்தது கொமரலிங்கத்தில். அப்பாவும் அம்மாவும் அமராவதிப் பாசன வயல்களில் நாற்று நட்டவர்கள். பதினாறு வயதில் திருப்பூருக்கு வந்தாள். பனியன் கம்பெனியில் கைமடி வேலை. தைக்கிறவருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுக்க வேண்டும், தைத்து வருவதை மடித்து அடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் வேலை. ஒரு மதியம் டெய்லர் சாப்பிடப் போன நேரத்தில் அவருடைய ஓவர்லாக் மெஷினில் இவள் உட்கார்ந்துகொண்டாள். சூப்பர்வைசர் வந்து பார்த்தபோது பன்னிரண்டு பனியனுக்குத் தோள் மூட்டியிருந்தாள்.

“எந்திரி! உன்னை யாரு ஒக்காரச் சொன்னா?”

“தையல் கோணையா இருந்தா எந்திரிக்கிறேனுங்க சார்.”

அவர் பன்னிரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றில்கூடக் கோணல் இல்லை. அன்று உட்கார்ந்தவள்தான். பதினெட்டு வருடங்களாக எழுந்திருக்கவில்லை.

மெஷினில் நூல் அறுந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்பது கம்பெனி விதி. மெக்கானிக் வருவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். நதியா தானே ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். நூல் இறுகினால் அறும், தளர்ந்தால் தொங்கும். நடுவில் எங்கோ ஓர் இடம் இருக்கிறது, அதை விரலால் கண்டுபிடிக்க வேண்டும். அதை அவள் கண்டுபிடித்தாள். மெக்கானிக் முறைத்தான். இவளும் முறைத்தாள்.

கணவன் ராக்கையா தேனிப் பக்கத்துக்காரன். சாயப்பட்டறையில் வேலை. அந்த ஞாயிறு காலை அவள் ரெக்கார்டரோடு கிளம்பியபோது வாசலில் நின்று கத்தினான்.

“ஊர்ல இருக்க பொம்பளையெல்லாம் ஞாயித்துக்கிழமை கறிக்கொழம்பு வைக்கிறாளுக. நீ என்னடான்னா வயரத் தூக்கிக்கிட்டுத் திரியுறவ!”

“கறி எடுத்து வெச்சிருக்கேன். நீங்க வைங்க.”

வைத்தான். உப்புக் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. அவள் சோற்றைக் கொஞ்சம் கூட்டிப் பிசைந்து சாப்பிட்டாள்.

இவ்வளவும் எதற்கு? பொன்னாத்தாளுக்காக.

பொன்னாத்தாளுக்கு நாற்பத்தொன்பது வயது. நதியா வேலை செய்யும் கம்பெனியிலேயே செக்கிங் பிரிவில் இருந்தாள். அதற்கு முன்னால் புருஷனோடு தறி ஓட்டியவள். புருஷன் இறந்த பிறகும் ஒற்றை மகள் அனுப்பிரியாவை வளர்த்து, உடுமலைப்பேட்டையில் கட்டிக்கொடுத்தாள். இருபது வருடங்களாக அந்தச் சபையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். சுவருக்கு அந்தப் பக்கம் சேக் தாவூதின் விசைத்தறிகள் ஞாயிறும் விடாமல் ஓடும். அந்த இரைச்சலைத் தாண்டி நிற்கிற குரல், சபை இருந்த மங்கலத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன்னால் அந்தக் குரல் கரகரத்தது. சளி என்று நினைத்தார்கள். கஷாயம் குடித்தாள், மாத்திரை போட்டாள். கரகரப்பு போகவில்லை. தமிழ்செல்வன் கமிட்டியைக் கூட்டி, அவளைப் பாட்டுக்குழுவிலிருந்து எடுத்துவிட்டார். ஆராதனையை இப்போது போனில் நேரலையாக நாலு ஊர் பார்க்கிறதாம். சபையின் பெயர் கெடக்கூடாதாம்.

கோயம்புத்தூர் மருத்துவமனையில் பரிசோதனை செய்தார்கள். தொண்டையில் கட்டி. குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும், எடுத்தால் உயிர் தங்கும் என்றார் டாக்டர். தேதியும் குறித்துக் கொடுத்தார். இரண்டு ஞாயிறு கழித்து வரும் செவ்வாய்க்கிழமை.

மறுநாள் கம்பெனி டீ நேரத்தில் பொன்னாத்தாள் நதியாவின் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை.

“அம்மிணி, இருவது வருசம் பாடியிருக்கறேன். ஒரு தடவைகூட எம்பட குரலை நான் வெளியிலிருந்து கேட்டதில்ல, தெரியுமா?”

நதியா டீயைக் கீழே வைத்தாள். “போன்ல எடுக்கலாமுங்கக்கா.”

“அனுப்பிரியா எடுத்துப் பாத்தா. தறிதான் கேக்குது. நான் சேக் தாவூதுக்குக் கூலி கேக்கற மாதிரி இருக்குது.” கரகரத்த குரலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “எம்பட கரகரப்போடயே ஒரு பாட்டு வேணும், கண்ணு. தொண்டைய அறுக்கறவன் அறுக்கட்டும். பாட்டையும் சேத்து எடுத்துட்டுப் போக உட மாட்டேன்.”

அதனால்தான் அந்த ரெக்கார்டர். கல்யாண வீடியோ எடுக்கும் முகமது ரபீக்கின் கடையில் திரைச்சீலை தைத்துக் கொடுத்த பழக்கத்தில் நதியா அதைக் கேட்டு வாங்கி வந்தாள். மிக்சரில் நேராக வயரைச் செருகினால் மைக்கில் விழும் குரல் மட்டும்தான் பதிவாகும், தறிச் சத்தம் அவ்வளவாக வராது என்று ரபீக் சொல்லியிருந்தான்.

அந்த முதல் ஞாயிறு சோதனைக்காக. போதகரின் பிரசங்கத்தைப் பதிவு செய்து பார்த்தாள். வீட்டுக்குப் போய் ரபீக் கொடுத்த ஹெட்போனில் கேட்டால், ஒவ்வொரு சொல்லும் கிழிந்த தகரம்போல் அலறியது. ராக்கையாவும் மாட்டிப் பார்த்துவிட்டுப் பிடுங்கினான்.

“ஐயா என்னாத்துக்கு இம்புட்டுக் கோவமாப் பேசுறாரு?”

நதியா ரெக்கார்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நூல் அறும்போது மெஷின் போடுகிற சத்தம் அவளுக்குத் தெரியும். இதுவும் அதுதான். இழுப்பு அதிகம். பக்கவாட்டில் நகத்தளவு ஒரு பொத்தான் இருந்தது. ஒரு பக்கம் மைக், மறு பக்கம் லைன் என்று எழுதியிருந்தது. அது மைக் பக்கம் தள்ளியிருந்தது. மிக்சர் கொட்டுவது வாய்க்கால் தண்ணீர். ரெக்கார்டரோ சொட்டு நீருக்கு வாய் திறந்து வைத்திருந்தது. பொத்தானை லைன் பக்கம் தள்ளினாள். பதிவு அளவையும் பாதிக்குக் குறைத்தாள். ரபீக்கிடம் போனில் சொன்னபோது, “நானே மறந்துட்டேனேம்மா” என்றான்.

இரண்டாவது ஞாயிறு வந்தது. பொன்னாத்தாளின் தொண்டைக்கு மிச்சமிருந்தது இரண்டே நாள்.

பாட்டுக்குழுவில் இல்லாதவளுக்கு மைக் கிடையாது என்று தமிழ்செல்வன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆனால் அந்தச் சபையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. பிரசங்கத்துக்கு முன்னால், தன் வாழ்க்கையில் ஆண்டவர் செய்ததைச் சொல்ல யார் வேண்டுமானாலும் எழுந்து மைக்குக்கு வரலாம். கூலிக்காரரும் வரலாம், முதலாளியும் வரலாம். ஒருவர் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிட்டால், அவர் முடிக்கும்வரை போதகர்கூடக் குறுக்கிடக்கூடாது. அந்தச் சபை கூரைக் கொட்டகையாக இருந்த காலத்திலிருந்து யாரும் மீறாத வழக்கம் அது.

“சாட்சி இருக்கறவங்க வரலாம்” என்றார் போதகர்.

பொன்னாத்தாள் எழுந்தாள். வெள்ளைச் சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“எல்லாருக்கும் ஸ்தோத்திரமுங்க. நாளன்னைக்கு எனக்கு ஆபரேசன். அப்புறம் பேச முடியாதுங்க. அதனால எம்பட சாட்சிய இன்னைக்கே பாடிர்றேன்.”

பாடினாள்.

அவளே கட்டிய பாட்டு. தறிக் கொட்டகையில் கட்டிய பாட்டு.

*நூலாக் கெடந்தேன் சாமி, நெய்து எடுத்தாய்,
அறுந்து விழுந்தேன் சாமி, முடிச்சுப் போட்டாய்.*

குரல் கரகரத்தது. மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து மறுபடி ஏறினாள். பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்டது. மிக்சருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்த நதியா, ரெக்கார்டரில் ஏறி இறங்கும் கோடுகளைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு கை மிக்சரை நோக்கி நீண்டது.

“சாட்சின்னா பேசோணும். பாட்டெல்லாம் கெடையாது. நேரலை போயிட்டிருக்குது” என்று முணுமுணுத்தார் தமிழ்செல்வன். அவர் விரல், மொத்தச் சத்தத்தையும் குறைக்கும் பொத்தானுக்கு மேலே வந்துவிட்டது. அது கீழே இறங்கினால் ஒலிபெருக்கியும் அடங்கும். ரெக்கார்டருக்குப் போகிற குரலும் அடங்கும்.

நதியா எழுந்தாள். அவருக்கும் மிக்சருக்கும் நடுவே தன் உடம்பை நுழைத்து நின்றாள்.

“கையை எடுங்கண்ணா.”

“நகரு.”

“சாட்சி நேரமுங்க. ஐயாவே குறுக்க வர மாட்டாரு. நீங்க வர்றீங்களா? வாங்க. எல்லாரும் பாத்துட்டுத்தான் இருக்கறாங்க.”

எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். தமிழ்செல்வனின் கை காற்றில் நின்றது. பிறகு சட்டைப் பைக்குள் போனது. பொன்னாத்தாள் இது எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைசி அடியைப் பாடி முடித்தாள். நாலு நிமிடம். தறி மட்டும் அந்தப் பக்கம் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

ஆராதனை முடிந்ததும் நதியா ரபீக்கின் பெரிய ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். பாட்டு இருந்தது! குரல் பின்மண்டையிலிருந்து வருவதுபோல ஒரு மாதிரியாகக் கேட்டது. மண்டபத்தின் எதிரொலி என்று நினைத்துக்கொண்டாள். தன் போனுக்கு ஏற்றி, அனுப்பிரியாவுக்கும் அனுப்பி வைத்தாள். அனுப்பிரியா அம்மாவை மருத்துவமனையில் சேர்க்கிற அலைச்சலில் இருந்தாள். அதைக் கேட்டுப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை முடிந்தது. உயிர் தங்கியது. குரல் போயிற்று.

வெள்ளிக்கிழமை பார்வையாளர் நேரத்துக்கு நதியா கோயம்புத்தூர் போனாள். கழுத்தில் துளை, அதில் குழாய், மூக்கில் இன்னொரு குழாய். கட்டிலில் சாய்ந்திருந்த பொன்னாத்தாளின் கண்கள் மட்டும் பழைய கண்கள். நதியாவைக் கண்டதும் மடியில் இருந்த நோட்டில் எழுதினாள். ‘பாட்டைப் போடு.’

அனுப்பிரியா தன் போனை எடுத்து, சத்தத்தை முழுதாகக் கூட்டி, பாட்டை அழுத்தினாள்.

ஒன்றும் வரவில்லை.

போனை உதறினாள். மறுபடி அழுத்தினாள். திரையில் நிமிடங்கள் ஓடின. தூரத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும். நதியா தன் போனில் போட்டுப் பார்த்தாள். அதிலும் அப்படித்தான்.

“ஞாயித்துக்கிழமை நான் கேட்டனுங்கக்கா! சத்தியமாக் கேட்டேன்! இருந்துது!”

பொன்னாத்தாள் போனைப் பார்த்தாள். நதியாவைப் பார்த்தாள். நோட்டில் இரண்டே சொல் எழுதினாள். ‘பாட்டு எங்க?’

திருப்பிப் பாடச் சொல்ல முடியுமா? இனி எந்த ஞாயிற்றுக்கிழமையிலாவது அந்தக் குரல் வருமா? முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரோரமாகத் திரும்பி நின்று குலுங்கினாள். முதுகில் ஏதோ பட்டது. பொன்னாத்தாள் நோட்டின் முனையால் அவளைக் குத்திக்கொண்டிருந்தாள். புதிய பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

‘அழுவாதே. போயித் தேடு.’

செய்தி மங்கலத்துக்கு அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. சனிக்கிழமை காலை பேக்கரி வாசலில் தமிழ்செல்வன் டீ குடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன நதியா, காத்தைப் பதிவு பண்ணுனியாமே? நான் அப்பவே சொன்னேன். மெசினு வேற, மிக்சர் வேற. பாவம், அந்தப் பொம்பளைக்கு ஆசை காட்டி மோசம் பண்ணிட்டே.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் டீயை ஊதினார்கள். நதியாவின் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

“காத்து இல்லீங்கண்ணா, பாட்டுத்தான். உள்ளதான் இருக்குது. தேடிட்டிருக்கறேன். கெடைச்சதும் உங்களுக்குத்தானுங்க மொதல்ல போட்டுக் காட்டுவேன்.”

சபையின் நேரலை முடிந்ததுமே அழிந்துவிடும், அங்கே தேட வழியில்லை. அன்று கம்பெனியில் கையால் வேலை செய்தாள், மனதால் அழுதாள். பதினோரு மணி டீ இடைவேளையில் வழக்கம்போலத் தன் பழைய இயர்போனை மாட்டிக்கொண்டாள். அதில் இடது பக்கம் செத்து ஒரு வருடமாகிறது. வலது காதில் மட்டும்தான் கேட்கும். கை பழக்கத்தில், வேறெதையோ தேடப் போய், விரல் அந்தப் பதிவின் மேல் பட்டுவிட்டது.

*நூலாக் கெடந்தேன் சாமி...*

நதியா மெஷினைப் பிடித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் ஸ்டூலிலிருந்து விழுந்திருப்பாள். பொன்னாத்தாள்! கரகரப்பும், உடைந்த இடமும், உடைந்த இடத்தில் இழுத்த மூச்சும் அப்படியே!

இயர்போன் முனையைப் பிடுங்கினாள். போன் ஊமையானது. செருகினாள். குரல் வந்தது. பிடுங்கினாள். ஊமை. செருகினாள். குரல். பக்கத்து மெஷினில் இருந்த பீகார் பெண் வாயைப் பிளந்து பார்த்தாள்.

ஒரு காதுக்குப் பாட்டு இருக்கிறது. போனின் ஒற்றை ஸ்பீக்கருக்கு இல்லை. ஹெட்போனில் இரண்டு காதுக்கும் தனித்தனியே வந்தபோதும் இருந்தது. அப்படியானால், இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேருகிற இடத்தில்தான் பாட்டு காணாமல் போகிறது. ஏன்? அவள் கண் எதிரே, கட்டிங் பிரிவில் இரண்டு பேர் ஒரு நீளத் துணியை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஒரே பலம். துணி ஓரங்குலம்கூட இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரவில்லை.

மதியத்தோடு லீவு சொல்லிவிட்டு ரபீக்கின் கடைக்கு ஓடினாள்.

ரபீக் பதிவைக் கம்ப்யூட்டரில் திறந்தான். திரையில் இரண்டு வரிகள். மேல் வரியில் மேடு இருந்த இடத்தில் கீழ் வரியில் பள்ளம். தண்ணீரில் விழுந்த நிழல்போல.

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். “அல்லாவே. என் வயர்தான்மா வம்பு பண்ணியிருக்கு.”

“புரியற மாதிரி சொல்லுங்க பாய்.”

“அந்தப் பின்பக்க ஓட்டை ஒரே குரலை ரெண்டா அனுப்பும். ஒண்ணு நேரா, ஒண்ணு தலைகீழா. நீள வயர்ல இரைச்சலை வெட்டுறதுக்கான ஏற்பாடு அது. நான் குடுத்தது ஹெட்போன் மாதிரி ரெண்டு பக்க வயரு. அதனால உன் ரெக்கார்டரு நேரா வந்ததை இடது காதுன்னும், தலைகீழா வந்ததை வலது காதுன்னும் எழுதிக்கிச்சு. போன்ல ஒரே ஸ்பீக்கர். ரெண்டையும் கூட்டினா...”

“ஒண்ணை ஒண்ணு தின்னுருது.”

“அதே.”

“அப்ப ஒண்ணைத் தூக்கி எறிங்க.”

“எதை?”

“எதையாச்சும். ரெண்டும் எங்க பொன்னக்காதான?”

ரபீக் கீழ் வரியை அழித்தான். மேல் வரியை ஸ்பீக்கரில் போட்டான். கடையின் கண்ணாடிக் கதவு அதிர, பொன்னாத்தாள் பாடினாள். நதியா தரையில் உட்கார்ந்து, முந்தின நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுது தீர்த்தாள். ரபீக் பாட்டு முடிகிறவரை நின்றுகொண்டிருந்தான். பிறகு சரிசெய்த பாட்டை ரெக்கார்டரிலும் ஏற்றி, சரியான வயரைத் தேடி எடுத்து அவள் பையில் போட்டான்.

அன்று மாலையே அனுப்பிரியாவின் போனுக்கு அனுப்பினாள். பதிலாக ஒரு படம் வந்தது. நோட்டில் பொன்னாத்தாளின் எழுத்து. ‘கேட்டேன். இது இந்த ரூமுக்குள்ள கேக்கற பாட்டு இல்ல. நான் வர்றேன்.’

நாலு வாரம் கழித்து வந்தாள். கழுத்துத் துளையை மறைத்து ஒரு மெல்லிய வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். மெலிந்திருந்தாள். பெண்கள் பக்கம் முதல் வரிசையில், தான் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். நதியா நேராக மிக்சரிடம் போய் நீலத் துணியை விலக்கி, ரெக்கார்டரின் வயரை முன்பக்கத்தில் ஒரு காலித் துளையில் செருகினாள்.

“முன்னால தொடக்கூடாதுன்னு சொன்னேனில்ல!” தமிழ்செல்வன் பாய்ந்து வந்தார்.

“பின்னால குரலை எடுக்கறதுங்கண்ணா. குடுக்கறதுக்கு முன்னாலதான் வரோணும். மொதல்ல உங்களுக்குப் போட்டுக் காட்டறேன்னு சொன்னேன். அதான் வந்திருக்கறேன்.”

போதகர் சாட்சி நேரத்தை அறிவித்தார். பொன்னாத்தாள் எழுந்து மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. நதியாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

“ஐயா, இது முறையில்லீங்க” என்று தமிழ்செல்வன் சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். “சாட்சிங்கறது ஒருத்தர் வாயில வரோணும். டேப்பு போட்டுக் கேக்கறதெல்லாம் சாட்சி ஆகாது. நாளைக்கு ஆளாளுக்குச் செல்போனைக் கொண்டாந்து நிப்பாங்க. சபைக்குன்னு ஒரு ஒழுங்கு வேண்டாமுங்களா?”

அதில் நியாயம் இருப்பதுபோலச் சிலர் தலையாட்டினார்கள். போதகர் தயங்கினார். நதியா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பொன்னாத்தாள் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

மேடையை விட்டு இறங்கி, ஆண்கள் பக்கத்தைக் கடந்து, மிக்சர் இருந்த மேசைக்கு வந்தாள். இருபது வருடத்தில் அந்த மேசைப் பக்கம் அவள் வந்ததே இல்லை. ரெக்கார்டரைக் கையில் எடுத்தாள். வயர் நீண்டது. அதைத் தன் கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணிக்கு மேலே, துளைக்கு நேராக வைத்துப் பிடித்தாள். தமிழ்செல்வனை நேருக்கு நேர் பார்த்தாள். மற்றக் கையால் தன் வாயைத் தொட்டு, ‘இல்லை’ என்று விரலை ஆட்டினாள். பிறகு ரெக்கார்டரைத் தொட்டாள்.

பொத்தானை அவளே அழுத்தினாள்.

*நூலாக் கெடந்தேன் சாமி, நெய்து எடுத்தாய்...*

ஒலிபெருக்கிகள் இரண்டும் பாடின. சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடியது. தறிக்கு மேலே குரல் நின்றது. கரகரத்தது, உடைந்தது, மறுபடி ஏறியது. பொன்னாத்தாள் கண்ணை மூடவில்லை. இந்த முறை ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றாள். தான் பாடும்போது இவர்கள் எப்படி இருந்தார்கள் என்று இருபது வருடமாக அவள் பார்த்ததில்லை. தன் குரல் ஒரு மண்டபத்தை எப்படி நிறைத்தது என்றும் இன்றுதான் கேட்டாள்.

சாட்சி ஆரம்பித்துவிட்டது. இனி முடியும்வரை யாரும் குறுக்கிட முடியாது. போதகர் தலை குனிந்துகொண்டார். தமிழ்செல்வன் உட்காரவும் முடியாமல் போகவும் முடியாமல் மிக்சருக்குப் பக்கத்திலேயே நாலு நிமிடமும் நின்றார். அவர் கை சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை.

பாட்டு முடிந்தது. பொன்னாத்தாள் ரெக்கார்டரை மேசையில் வைத்துவிட்டு, நிமிர்ந்த தலையோடு தன் இடத்துக்குப் போனாள். “ஸ்தோத்திரம்” என்று ஒரு பெண் குரல் ஆரம்பிக்க, சபை முழுவதும் அதைத் திருப்பிச் சொன்னது.

ஆராதனை கலைந்த பிறகு தமிழ்செல்வன் நீலத் துணியோடு வந்தார். முகத்தில் இன்னும் கடுகடுப்பு இருந்தது. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

“ஆச்சில்ல? வயரைக் கழட்டிக்க. மூடோணும்.”

நதியா கழற்றவில்லை. ரெக்கார்டரை மட்டும் எடுத்துப் பையில் போட்டாள். வயரை மடித்து, மிக்சரின் மேலேயே வைத்தாள். முனை துளையில் அப்படியே இருந்தது.

“இருக்கட்டுங்கண்ணா. அடுத்த வாரமும் வேணும்.”

“அடுத்த வாரம் என்ன?”

அந்தச் சபைக்கு வந்த பதினெட்டு வருடத்தில் நதியா ஒரு தடவைகூட அந்த மைக் முன்னால் போய் நின்றதில்லை.

“எனக்கும் ஒரு சாட்சி இருக்குதுங்க. அதுல பொன்னக்கா பாட்டும் வரும்” என்றாள். “நான் பேசறப்ப நீங்கதான் மிக்சர்ல ஒக்காரோணும். சத்தத்தைக் கொறைக்காம ஒக்காருங்க.”